தருபவரை வரவு வை

"பி.காம் முடிச்சு என்னப்பா செய்யப்போற?" இதைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. எதற்காக வாழ்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சி கோயிலுக்குப் போகிறவன் நான். அரசியல் என்றால் காத தூரம் ஓடுவேன். சாமி வேறு, அரசியல் வேறு என்றுதான் நினைத்திருந்தேன். மதுரையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்த நினைப்பு உடைந்தது.

1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் தலித்துகள் சிலரையும் நாடார் ஒருவரையும் கோயிலுக்குள் அழைத்துப் போன நாள். அதுவரை அவர்களுக்கு உள்ளே இடமில்லை. என் கொள்ளுத்தாத்தா வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டவர். வீட்டில் யாரும் இதைப் பேசியதே இல்லை. நான் விசாரித்த பிறகுதான் பாட்டி சொன்னாள்.

வெறும் பக்தி இருந்திருந்தால் இன்னும் வெளியேதான் நின்றிருப்போம். வாசலைத் திறந்தது அரசியல். வெறும் அரசியல் போதுமா என்றால், அதுவும் இல்லை. உள்ளே அம்மன் இருக்கிறாள் என்ற நம்பிக்கைதானே அவர்களை அந்த வாசல்வரை கொண்டுவந்தது? இரண்டையும் எழுதி வைக்காவிட்டால், வாசல் என்றைக்கும் திறந்தே கிடந்ததாகத் தோன்றும். எனக்குத் தோன்றியதுபோல.

பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. கணக்குப்பதிவியலின் முதல் பாடம். பெற்றவன் நான். தந்தவர்களை எழுதுவதுதான் என் வேலை என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் ஊர்க் கணக்கை யார் எழுதுகிறார்கள்?