ரேஸ் விடட்டும், ரோட்டில் வேண்டாம்!

சனிக்கிழமை இரவு வந்துவிட்டால் சில வாலிபர்களுக்குக் கால் துறுதுறுக்கிறது. காமராஜர் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரில் ஒரே மிதி! கார் சீறிக்கொண்டு பறக்கிறது.

கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் வீடு திரும்பும் வியாபாரி, கடைசி பஸ்சைப் பிடிக்க ரோட்டைக் கடக்கும் குமாஸ்தா, இவர்கள் யாரும் அந்தப் பந்தயத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் அல்ல. ஆனால் அடிபடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

போலீசார் சும்மா இல்லை. தடுப்பு போடுகிறார்கள். வண்டியைப் பிடிக்கிறார்கள். புத்தாண்டு இரவில் மேம்பாலங்களையே மூடி விடுகிறார்கள். மறு வாரம் வேறு ரோட்டில் அதே கூத்து! வேக ஆசையை லத்தியால் மட்டும் விரட்ட முடியாது. அதற்கு ஒரு இடம் காட்ட வேண்டும்.

தீவுத்திடல் சொன்ன பாடம்

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய சனி, ஞாயிறு நாட்களில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி பார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது.

தினமும் பஸ் ஓடுகிற ரோடு, அந்த இரண்டு நாளும் சுமார் 3½ கிலோ மீட்டர் பந்தயப் பாதை ஆனது. இரு பக்கமும் தடுப்புச் சுவர். அதன் மேல் கம்பி வலை. இரவைப் பகலாக்கும் விளக்குகள். பக்கத்திலேயே டாக்டர்களும் ஆம்புலன்சும்.

இத்தனை இருந்தும் சனிக்கிழமை பந்தயம் உரிய நேரத்தில் தொடங்கவில்லை. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் கார்கள் நகரக்கூடாது என்பது ஐகோர்ட்டின் நிபந்தனை. கெடு நீட்டிக்கப்பட்டது. கூட்டம் காத்துக் கிடந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் கார்கள் கிளம்பின.

பயிற்சி பெற்ற பந்தய வீரர்களுக்கே இந்தக் கெடுபிடி! சுவரும் இல்லை, வலையும் இல்லை, எதிரே யார் வருகிறார் என்று தெரியாத ரோட்டில், "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்புகிற பையனுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது?

கணக்கு போடுங்கள்!

100 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் தாண்டி விடுகிறது. இரண்டு மாநகர பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளத்தை விட அதிகம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்கு. இது எந்தக் கம்பெனி காருக்கும் பொது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. அரசின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். 18 வயது ஆகாத பையன் கையில் சாவியைக் கொடுத்து, அவன் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். 2019-ம் ஆண்டு திருத்தத்தில் வந்த விதி இது. "நம்ம பையன் நல்லா ஓட்டுவான்" என்று பூரிக்கும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சோழவரம் இருந்ததே!

சென்னைக்கு கார் பந்தயம் புதிது அல்ல. இரண்டாம் உலகப் போர் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. தெருவில் ஓடிய பியட், ஹெரால்டு கார்களையே திருத்தி எடுத்துக்கொண்டு போய் ஓட்டினார்கள். பார்க்க ஊரே திரண்டது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் வந்தது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் பார்முலா 1 வரை போனார். கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-லேயே போய்விட்டார்.

வீட்டுக் காரையே கொண்டுபோய்த் தளத்தில் ஓட்டிப் பார்க்கிற வார இறுதி விழாக்களும் உண்டு. கட்டணம் கட்ட வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். பிரேக், டயர், சீட் பெல்ட் எல்லாம் சோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். காருக்குள் உருளுகிற தண்ணீர் பாட்டில்கூட வெளியே வந்துவிட வேண்டும். அது பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் கதை முடிந்தது! மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம்.

ஏ.பி.எஸ். உள்ள காரில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பலர் பயந்து காலை எடுத்து விடுகிறார்கள். எடுக்கக்கூடாது, மிதித்தபடியே ஸ்டீரிங்கைத் திருப்பி விலக வேண்டும். இதை ரோட்டில் பழக முடியாது. தளத்தில் ஒரே நாளில் பழகலாம். அங்கே நாலு ரவுண்டு வேர்த்து விறுவிறுத்து ஓட்டியவனுக்குத் தன் திறமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். பாதி ஜம்பம் அங்கேயே இறங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண கார் இன்சூரன்சு பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. தளத்தில் கார் நசுங்கினால் செலவு சொந்தக் கையிலிருந்துதான். போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

"பணக்காரப் பிள்ளைகள் விளையாட அரசாங்கம் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பொதுப்பணம் ஒரு காசு வேண்டாம். செலவை ஓட்டுகிறவர்களே கட்டட்டும். ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, நடுத்தர வீட்டுப் பையனும் கட்டக்கூடிய கட்டணத்தில் தளம் திறந்திருக்க வேண்டும். அதற்கு பந்தயக் கழகங்களையும் கார் கம்பெனிகளையும் போக்குவரத்துத் துறை கூப்பிட்டுப் பேச வேண்டும். டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு அதே தளத்தில் அவசர பிரேக் பயிற்சி கொடுத்தால், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவருக்கும் அதில் லாபம்.

அதன் பிறகும் ரோட்டில் பந்தயம் விடுகிறவனுக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை. பிடித்த காரைச் சிபாரிசுக்காகத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது.

வேகம் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டைக்குப் போகட்டும். காமராஜர் சாலை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு!