உர்ர்ர்ர்... மோட்டாரும் ஒரு பி.இ.யும்

கம்பத்துல சித்தப்பாவோட பஞ்சர் கடை. பொங்கல் லீவுக்குப் போனப்ப கம்ப்ரசர் மோட்டார் மக்கர். சுவிட்ச் போட்டா உர்ர்ர்னு உறுமுது, சுத்தல.

"காயில் போச்சு சித்தப்பா, புதுசு வாங்கிருங்க." இது நான், பி.இ.

காயில் கட்டுற அண்ணன் வந்தார். பெல்ட்டைக் கழட்டி, புல்லியைக் கையால வேகமா சுத்திவிட்டு சுவிட்சைப் போட்டார். ஓடுச்சு!

"காயில் நல்லாருக்கு தம்பி. கெப்பாசிட்டர்தான் அவுட்."

சிங்கிள் பேஸ் மோட்டார் தானா கிளம்பாது, முதல் தள்ளு கெப்பாசிட்டரோடதுன்னு பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினவன்தான் நானும்!

1937லயே கோவையில மோட்டார் செஞ்சதுல பங்குள்ள ஜி.டி.நாயுடு காலேஜ்ல படிக்காதவர். அதனால படிப்பு வேண்டாம்னு சொல்லல. இன்ஜினியரிங் பசங்களை ஒரு மாசமாவது ரீவைண்டிங் கடையில உட்கார வைக்கணும்கிறேன்.

சித்தப்பாவுக்குப் புது மோட்டார் காசு மிச்சம். எனக்கு அந்த அண்ணனோட நமுட்டுச் சிரிப்புதான் மிச்சம்.