கூட்டம் ஏறியது, குடும்பம் இறங்கியது!

வியாபாரம் படுத்துவிட்டதால் ஹோட்டலை மூடியவர்கள் உண்டு. கடன் தொல்லையால் மூடியவர்களும் உண்டு. கூட்டம் அதிகமாக வருகிறது என்பதற்காக, நன்றாக நடந்த ஹோட்டலின் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டா?

உண்டு. சுவிட்சர்லாந்து தேசத்தில், 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இது நடந்தது. 1987 முதல் ஒரு மலை விடுதியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்த குடும்பம், "இந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்" என்று அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஆச்சரியத்தோடு அதை வெளியிட்டன.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தாலும், அந்த விடுதியை வாட்டிய பிரச்சினை இன்று ஐரோப்பாவின் மலைகள் முழுவதிலும் பரவியிருக்கிறது. கோடை முடியும்போதெல்லாம் அது பேச்சுக்கு வருகிறது. அதனால் சங்கதியை ஆரம்பத்திலிருந்து சொல்லுகிறேன்.

பாறையே பின்சுவர்!

சுவிட்சர்லாந்தின் கிழக்கே அப்பென்ஸெல் என்று ஒரு பகுதி. அங்கே ஆல்ப்ஸ்டைன் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதில் 1,454 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது எஷர் விடுதி. குருவிக் கூடு சுவரில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி. மரத்தால் ஆன வீடு. முன்பக்கம் வரிசையாக ஜன்னல்கள். பின்பக்கம் சுவர் கிடையாது. மலைப் பாறையேதான் சுவர்.

கார் போகாது. வாஸராவன் என்ற இடத்தில் தொங்கு வண்டி ஏறவேண்டும். இது கம்பி வடத்தில் ஓடுகிற வண்டி. 1955 முதல் ஓடுகிறது. மேலே ஏபெனால்ப் என்ற இடத்தில் இறங்கி, பாதையில் கீழ்நோக்கி நடக்கவேண்டும். வழியில் ஒரு குகை. குகையைத் தாண்டினால் ஒரு சின்னக் கோயில். 1658 முதல் 1853 வரை அங்கே துறவிகள் ஒருவர் பின் ஒருவராக வாழ்ந்தார்கள். 1904-இல் குகையைத் தோண்டிப் பார்த்தபோது, கரடி எலும்புகளும் ஆதி மனிதனின் கல் ஆயுதங்களும் கிடைத்தன. ஆக, இந்த இடத்துக்கு விருந்தாளி வருவது புதிதல்ல!

அந்தக் குடும்பம் நடத்திய காலத்தில், விடுதியில் தங்கியவர்களுக்குப் பொது அறையில் வரிசையாகப் படுக்கை. குளிக்க வசதி இருக்கவில்லை. சாப்பாட்டில் 'ரோஸ்டி' பிரசித்தமாக இருந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கைத் துருவி, வாணலியில் தட்டிப் போட்டு, நம் அடையைப் போல் இரண்டு பக்கமும் முறுகலாக எடுப்பார்கள். நாலு மணி நேரம் மலை ஏறி வந்தவனுக்கு அது தேவாமிர்தம்.

கோடையின் கடைசி நாட்கள்

ஆகஸ்டு பாதி தாண்டிவிட்டால் அந்த மலையின் முகமே மாறும். காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி பால் போல் நிற்கும். வெயில் ஏற ஏறக் கலையும். புல் மஞ்சளாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை விடுதிகளில் பிடிலும் ஹாக்பிரெட்டும் ஒலிக்கும். ஹாக்பிரெட் என்பது கம்பிகளைச் சிறு குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம். நம் நாட்டுச் சந்தூரின் ஒன்றுவிட்ட சகோதரி. கிழவர்களும் குழந்தைகளும் சேர்ந்து ஆடுவார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மாடு இறங்குகிற நாள். கோடை தொடங்கும்போது மேய்ச்சலுக்காக மேலே ஏற்றிய மாடுகளை, ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் ஊருக்கு ஓட்டி வருவார்கள். இதைக் கல்யாண ஊர்வலம் போல் நடத்துகிறார்கள். முதலில் வெள்ளை ஆடுகள். அவற்றை ஓட்டிக்கொண்டு ஒரு சிறுவனும் சிறுமியும். பின்னால் மஞ்சள் கால்சட்டையும் சிவப்புக் கையில்லா மேல்சட்டையும் போட்ட இடையர். அவர் காதில் ஒரு தொங்கட்டான். பாலாடை எடுக்கும் கரண்டியின் வடிவத்தில் இருக்கும். அடுத்து, கழுத்தில் பெரிய மணிகள் கட்டிய மூன்று பசுக்கள். அப்புறம் மந்தை. கடைசியில் மரச் சாமான்கள் ஏற்றிய வண்டி. மூன்று மணிகளின் ஓசையும் சுருதி சேர்ந்திருக்க வேண்டுமாம். சேராவிட்டால் ஊரார் சிரிப்பார்கள்.

இந்த மலை மேய்ச்சல் வாழ்க்கையை, 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தொட்டுணர முடியாத கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு படம் செய்த வேலை

விடுதிக்கு வருகிறவர்கள் முன்பு யார்? பக்கத்து ஊர் ஜனங்கள். மலை ஏறுவதில் ஆசை உள்ளவர்கள். வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். 2015-இல் ஓர் அமெரிக்கப் புத்தகம் வந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய இடங்களைச் சொல்லும் புத்தகம். நேஷனல் ஜியாக்ரபிக் வெளியீடு. அதன் அட்டையில் எஷர் விடுதியின் படம்! அமெரிக்கச் சினிமா நடிகர் ஒருவரும் அதே விடுதியின் படத்தை இன்டர்நெட்டில் போட்டார். பிறகு கேட்க வேண்டுமா? கைபேசியிலிருந்து கைபேசிக்குப் படம் பறந்தது. ஜனங்களும் பறந்து வந்தார்கள்.

வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ் சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் சுவிஸ் மலையில் ஆடிப் பாடியதைப் பார்த்து, 'ஒருநாள் போகவேண்டும்' என்று ஏங்காதவர் நம்மில் எத்தனை பேர்? அழகைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமாகாது. படம் எடுத்தவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

ஆனால் பாறை வளராதே! கூட்டம் இரண்டு மடங்கு ஆனால் நகரத்து ஹோட்டல்காரர் பக்கத்து மனையை வாங்குவார், மாடி கட்டுவார். எஷர் விடுதிக்கு ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். எங்கே கட்டுவது?

தண்ணீர் சங்கதி அதைவிடக் கஷ்டம். ஆல்ப்ஸ்டைன் சுண்ணாம்புக்கல் மலை. மழை பெய்தால் நீர் மேலே நிற்காது. வெடிப்புகளில் இறங்கிப் போய், எங்கோ அடிவாரத்தில் ஊற்றாக வெளிவரும். மேலே இருப்பவன் வானத்தைப் பார்க்கவேண்டியதுதான். நூறு பேர் வந்தால் நூறு பேருக்கும் குடிநீர் வேண்டும்; தட்டு கழுவ வேண்டும்; கழிப்பிடம் வேண்டும். படத்தில் இதெல்லாம் தெரியுமா?

இத்தனை கூட்டத்தைத் தாங்கும் வசதி இந்த இடத்தில் இல்லை என்பதுதான் அந்தக் குடும்பம் சொன்ன காரணம். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டத்தால் லாபம் பலருக்கு. ரயிலுக்கு லாபம், தொங்கு வண்டிக்கு லாபம், விமானத்துக்கு லாபம், அட்டைப்படம் போட்ட புத்தகத்துக்கும் லாபம். ஆனால் பாரம் முழுவதும் ஒரே சமையலறையின் தலையில் விழுந்தது.

மாட்டுக்குக் கணக்கு

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே மலையில் மாட்டுக்குக் கணக்கு உண்டு! ஒரு பசு நூறு நாள் மலையில் மேய்ந்தால் அது ஒரு பங்கு. எந்த மேய்ச்சல் நிலத்துக்கு எத்தனை பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சர்க்கார் கொடுக்கும் உதவிப் பணமும் அந்தக் கணக்குப்படிதான். அளவுக்கு மிஞ்சி மாடு ஏற்றினால் பணம் வெட்டு.

இது நேற்று வந்த சட்டமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில் டோர்பெல் என்று ஒரு மலைக் கிராமம். அந்த ஊர் ஜனங்கள் 1517-ஆம் ஆண்டிலேயே ஒரு விதி செய்தார்கள். குளிர்காலத்தில் தன் வீட்டுத் தீவனத்தால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் ஒருவன் பொது மலைக்கு அனுப்பலாம். பணக்காரன் ஐம்பது மாடு வாங்கிக் கொண்டுவந்து புல்லை எல்லாம் மேய்த்துவிட முடியாது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பேராசிரியை இந்தக் கிராமத்தைப் பற்றித் தம் புத்தகத்தில் எழுதினார். பொதுச் சொத்தை ஜனங்கள் தாங்களே சேர்ந்து காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக, 2009-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

மாட்டுக்கு ஐந்நூறு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிற ஜனங்கள், மனிதனுக்குக் கணக்கு வைக்கவில்லை. தேவைப்படவில்லை. நடந்தே ஏறவேண்டிய காலத்தில் மலையே கணக்கைப் பார்த்துக்கொண்டது. முழங்காலில் பலம் உள்ளவன்தான் மேலே போனான். தொங்கு வண்டியும் கைபேசிப் படமும் வந்தபிறகு அந்தக் கணக்கு உடைந்துவிட்டது.

இதற்கு ஆபத்தான பக்கமும் உண்டு. படத்தைப் பார்த்து வருகிறவர், தரை வழுக்காத மலைச் செருப்பு வேண்டும் என்பதை அறியாமல் வந்துவிடுகிறார். 2022 கோடையில் ஆல்ப்ஸ்டைன் பாதைகளில் பலர் தவறி விழுந்து உயிரிழந்தார்கள். செங்குத்தான பாதை என்று எச்சரிக்கைப் பலகைகள் வைக்கவேண்டியதாயிற்று.

மனிதரையும் எண்ணத் தொடங்கினார்கள்

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? பிரான்சு தேசத்தில் ஐரோப்பாவின் புகழ்பெற்ற மோன்ட் பிளாங்க் சிகரம் இருக்கிறது. அதில் ஏறும் முக்கியமான பாதையில், வழி விடுதியில் இடம் பதிவு செய்த சீட்டு இருந்தால்தான் போகலாம் என்று 2019-இல் உத்தரவு போட்டார்கள். விடுதியில் எத்தனை படுக்கையோ, மலையில் அத்தனை பேர். நல்ல கணக்கு!

2022-இல் அங்கே கடும் வெயில். பனி உருகிப் பாறைகள் உருண்டன. அப்படியும் ஆட்கள் ஏறினார்கள். அடிவார ஊரின் மேயருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏறுகிறவர் 15,000 யூரோ முன்பணம் கட்டவேண்டும் என்றார். காப்பாற்றும் செலவுக்கு 10,000. சவ அடக்கத்துக்கு 5,000! பிறகு ஆகஸ்டு மாதம் வழியிலிருந்த இரண்டு விடுதிகளையே மூடிவிட்டார்கள். படுக்கை இல்லை என்றால் ஆள் ஏறமாட்டான் என்பது யோசனை.

சுவிட்சர்லாந்திலேயே இன்னொரு வழியும் பார்த்தார்கள். இஸல்ட்வால்ட் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் ஒரு மரப் படித்துறை இருக்கிறது. ஒரு கொரிய நாடகத் தொடரில் கதாநாயகன் அங்கே பியானோ வாசிக்கிறான். அவ்வளவுதான், உலகமே அங்கே படம் எடுக்க வந்துவிட்டது. 2023-இல் கிராமத்தார் சுழல் கதவு வைத்து, ஆளுக்கு 5 பிராங்கு வசூலிக்க ஆரம்பித்தார்கள். நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். கழிப்பிடம் கழுவ, குப்பை அள்ள அது உதவும். கூட்டம் குறையுமா? குறையாது என்பது என் அபிப்பிராயம். ஆயிரக்கணக்கான மைல் விமானத்தில் வந்தவர் ஐந்து பிராங்குக்காகத் திரும்பிப் போவாரா? பணம் வாங்குவது வேறு; தலையை எண்ணுவது வேறு. டோர்பெல் கிராமத்தார் மாட்டுக்குப் பணம் வாங்குவதோடு நிற்கவில்லை. எண்ணினார்கள்.

எண்ணுவதிலும் சிரமம் இல்லாமல் இல்லை. பக்கத்து ஊர்க் கிழவர் ஐம்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏறிப்போய் ஒரு தட்டு ரோஸ்டி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும் பதிவுச் சீட்டு வாங்கித்தான் வரவேண்டுமா? உள்ளூராருக்கு முதல் உரிமை கொடுத்தால், பணம் செலவழித்து வந்த வெளிநாட்டார் முணுமுணுப்பார்கள். ஏலம் போடுவது போல் விலையை ஏற்றினால் ஏழைக் குடும்பம் மலையையே பார்க்க முடியாது. என்னைக் கேட்டால், விலையை ஏற்றுவதைவிடச் சீட்டுப் பதிவே மேல். வரிசையில் முன்னால் வந்தவன் பணக்காரனா ஏழையா என்று சீட்டுக்குத் தெரியாது.

தண்ணீர்க் கவலை எல்லாருக்கும் வரப்போகிறது. சுவிட்சர்லாந்தின் பனிப்பாளங்களில் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு கரைந்து போயிற்று. உயரமான மலை விடுதிகள் பல, அந்தப் பனி உருகும் நீரை நம்பி இருப்பவை. மாட்டுக்கும் இதே கதிதான். 2015 வறட்சியில் ராணுவ ஹெலிகாப்டர்கள் மலை மாடுகளுக்குத் தண்ணீர் சுமந்தன. அவசரத்தில், எல்லை தாண்டி, பிரான்சு தேசத்து ஏரி ஒன்றில் நீரை மொண்டுவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் போட்ட சண்டை பத்திரிகையில் வந்தது! 2018 கோடையிலும் ஹெலிகாப்டர் பறக்கவேண்டியிருந்தது. எஷர் குடும்பம் சாவியைக் கொடுக்க முடிவு செய்த அதே கோடை.

விடுதி மூடிக்கிடக்கவில்லை. அது ஓர் அறக்கட்டளையின் சொத்து. 2019-இல் புதிய குத்தகைதாரர்கள் வந்தார்கள். அடுப்பு மறுபடி எரிகிறது. பருவம் முடியும்வரை சாப்பாடு கிடைக்கும். செப்டம்பர் நடுவுக்குள் மாடுகள் மணியடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். எத்தனை ஏறின, எத்தனை இறங்கின என்று கணக்கு எழுதி முடித்திருப்பார்கள். அன்றைக்கும் தொங்கு வண்டியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள், கையில் அந்தப் படத்தோடு.