அமெரிக்கா செல்லும் மாணவனே, அறைக்குள் அடைந்து கிடக்காதே!

"யாரோடும் சேராதே, நீ உண்டு, உன் படிப்பு உண்டு என்று இரு!" மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு விமானம் ஏறும் மகனுக்கு நம் வீடுகளில் சொல்லி அனுப்பும் உபதேசம் இதுதான். அவனும் அப்படியே செய்கிறான். நம்மூர்ப் பையன்கள் நால்வரோடு வாடகை வீடு, சோறும் ரசமும், இரவெல்லாம் செல்போனில் ஊர்ச் செய்தி. இரண்டு ஆண்டில் பட்டம் வந்துவிடும். வகுப்பில் பக்கத்தில் அமர்ந்தவன் பெயர் மட்டும் தெரிந்திருக்காது!

சகோதரர்களே, இதற்குப் பெயர் மார்க்கப் பேணுதலா?

கி.பி. 615ல் மக்காவின் கொடுமை தாளாமல் முஸ்லிம்கள் அபிசீனியா சென்றார்கள். கிறித்தவ நாடு, கிறித்தவ மன்னர். அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரிக் குறைஷிகள் தூதனுப்பியபோது ஜஅஃபர் (ரலி) அவர்கள் மூலையில் ஒளியவில்லை. அரசவையில் எழுந்து பேசினார்கள். மன்னர் நஜ்ஜாஷி கேட்டார், பாதுகாப்புக் கொடுத்தார்.

அமெரிக்காவிலேயே பாருங்கள். எம்.எஸ்.ஏ. எனப்படும் முஸ்லிம் மாணவர் சங்கம் 1963ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதற்கு அடித்தளமிட்டவர்கள் வெளிநாடுகளிலிருந்து படிக்கப் போன மாணவர்கள்தான். இன்று பல பல்கலைக்கழகங்களில் ஜும்ஆவும் ரமளான் இஃப்தாரும் அதன் ஏற்பாட்டில் நடக்கின்றன.

தம்பி! போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமையே அந்த ஸஃப்பைத் தேடிப் போ. வலப்பக்கம் கறுப்பின அமெரிக்கன் நிற்பான், இடப்பக்கம் துருக்கியனோ மலாய்க்காரனோ நிற்பான். அத்தோடு நின்றுவிடாதே. முஸ்லிமல்லாத வகுப்புத் தோழனை இஃப்தாருக்கு அழைத்து வா.

மது விருந்து பற்றி வீட்டார் அஞ்சுவது நியாயமே. குடிதான் நோக்கம் என்று தெரிந்த இடத்துக்குப் போகாதே. மற்ற இடங்களில் "நான் குடிப்பதில்லை" என்று சிரித்தபடி சொன்னால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். குடிக்காத அமெரிக்கர்களும் நிறைய உண்டு. சேர்ந்து படிப்பதையும் பந்து விளையாடுவதையும் யார் ஹராமாக்கியது? 'ஹவ் ஆர் யூ' என்றவன் பதிலுக்கு நிற்காமல் போகிறானே என்று வெதும்பாதே. அது நம்மூர் "சாப்பிட்டாச்சா" மாதிரிதான்.

எஃப்-1 விசாவில் பாட நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நூலகத்திலோ உணவுக் கூடத்திலோ சேர். ஊதியத்தோடு மனிதர்களும் கிடைப்பார்கள். "நம்மவர் கடைதானே" என்று வெளியில் ரொக்கக் கூலிக்கு நின்றால் விசாவே போகும். அங்கே கடை வைத்திருக்கும் நம் வியாபாரிகளும் இதை யோசிக்க வேண்டும்.

"காலம் சரியில்லையே, ஒதுங்கியிருப்பது நல்லதல்லவா?" என்பார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கிய ஆராய்ச்சி மாணவி ரூமைசா ஓஸ்துர்க், காஸா குறித்து மாணவர் பத்திரிகையில் வந்த கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். 2025 மார்ச் 25 அன்று இஃப்தாருக்குப் போகும் வழியில் முகமூடி அணிந்த அதிகாரிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். மறுநாளே பெருங்கூட்டம் திரண்டது. பல்கலைக்கழகமே அவருக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கல் செய்தது. யூத அமைப்புகள் பலவும் அவருக்காக மனுச் செய்தன! மே 9 அன்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதுவரை சிறையில் இருந்தார், ஆனால் அநாதையாக இல்லை. அறைத் தோழர் நால்வரை மட்டுமே அறிந்த நம் பையனுக்கு இப்படி நேர்ந்தால் யார் வருவார்?

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை போனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பிறகு, அவன் பேராசிரியர் யார், பக்கத்து இருக்கைக்காரன் எந்த ஊர், ஜும்ஆவில் யாரோடு பேசினான் என்றும் கேளுங்கள்.