முதலில் திறக்கவேண்டிய கதவு

விழா மலர்களிலே கட்டிடங்களைப்பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப்பற்றியும் விளையாட்டு வெற்றிகளைப்பற்றியும் எழுதுதல் மரபு. அம்மரபு நன்றே. எனினும், கல்லூரி மூடிக்கிடந்த காலத்தைப்பற்றியும் ஒருவர் எழுதிவைத்தல் வேண்டும் என்பது எனது கருத்து. பாடசாலை யாருக்காக உள்ளது என்னும் வினாவை, அது திறந்திருக்கும் நாளில் நாம் எழுப்புவதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆந் திகதி முதல், கொரோனா நோய் காரணமாக இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அவ்வாண்டு யூலையில் படிப்படியாகத் திறந்தன. ஒக்ரோபரில் மீண்டும் மூடின. 2021 சனவரியில் மேல்மாகாணத்துக்கு வெளியே திறந்தவை ஏப்பிரல் இறுதியில் மறுபடியும் அடைபட்டன. அதன்பின் ஒக்ரோபர் வரை வகுப்பறைகளிற் பிள்ளைகளின் குரல் கேட்கவில்லை.

அந்நாட்களிற் பெற்றாருக்கும் ஆசிரியருக்குமிடையே நிகழ்ந்த வாதங்கள் யாவரும் அறிந்தவை. “முதியோர் வாழும் வீட்டிற்குப் பிள்ளை நோயைக் கொண்டுவந்தால் யார் பொறுப்பு?” என்றனர் பெற்றாருட் சிலர். “விடியற்காலையிற் கூலிவேலைக்குப் போகும் நாங்கள் பிள்ளையை எவரிடம் விட்டுச் செல்வது?” என்றனர் வேறு சிலர். “நாற்பது பேர் நெருங்கியிருக்கும் அறையில் இடைவெளிக்கு எங்கே இடம்?” என்று ஆசிரியர் வினவினர். இவற்றுள் ஒன்றேனும் பொய்வாதமன்று. ஆசிரியரைப் பலர் தூற்றினர். அவர்களுட் பலர் தம் சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கி இரவு வரை பாடம் நடத்தியதை அத்தூற்றியோர் எண்ணவில்லை. சம்பள முரண்பாடு காரணமாக 2021 யூலையில் ஆசிரியர் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது மனக்கசப்பு மேலும் மிகுந்தது.

ஆயினும், இரு திறத்தாரும் ஒரு பிழை செய்தனர் என்பேன். திறப்பதா, மூடுவதா என்பதைப்பற்றியே வாதிட்டனர். எவருக்கு முதலில் திறப்பது என்பதை ஆராய்ந்தோர் சிலரே.

இடரிடையே கல்வி பயிலுதல் எமக்குப் புதிதன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்து தென்மராட்சியை அடைந்தபோது, இடம்பெயர்ந்த பாடசாலைகள் அங்குள்ள பாடசாலைகளில் மாலை வேளைகளிலும், கொட்டில்களிலும் மரநிழல்களிலும் இயங்கின. வைத்தியரின் மகனும் தோட்டக்காரரின் மகனும் ஒரே மண்ணிலிருந்து படித்தனர். இல்லாமை எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. 2020இல் நிகழ்ந்ததோ வேறு. வகுப்பறை வீடு வீடாகப் பிரிந்தது. பிரிந்தவுடனே அவ்வவ் வீட்டின் செல்வமே பிள்ளையின் கல்வியாயிற்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணிப்பின்படி, 2019இல் இந்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 வீடுகளிலேயே கணினி இருந்தது. மலையகத் தோட்டப் பகுதிகளிலே இத்தொகை மிக மிகக் குறைவு. பல வீடுகளில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி. தந்தை தொழிலுக்குச் செல்லும்போது அதுவும் அவருடன் சென்றுவிடும். மாலையில் அது வீடு திரும்பியபின் மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பர். வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை வகுப்பும், அதற்குமேல் தனியார் கல்வி நிலையத்தின் இணையவழி வகுப்பும் கிடைத்தன.

இனி, பாடசாலைகள் திறக்கப்பட்ட ஒழுங்கை நோக்குவோம். 2020 யூலை 6ஆந் திகதி மாணவருக்காகக் கதவு திறந்தபோது, முதலில் அழைக்கப்பட்டோர் 5ஆம், 11ஆம், 13ஆம் தரத்து மாணவர். அஃதாவது, பரீட்சைக்குத் தோற்ற இருந்தோர். 2021 ஒக்ரோபர் 21ஆந் திகதியோ, 200க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளே முதலில் திறக்கப்பட்டன. பெரிய கல்லூரிகளின் மேல்வகுப்புக்கள் நவம்பர் வரை காத்திருந்தன. முதலாவது ஒழுங்கு பரீட்சையை நோக்கியது. இரண்டாவது, சிறு பாடசாலையிற் பயிலும் சிறு பிள்ளையை நோக்கியது. இவ்விரண்டனுள் பின்னையதே நீதியானது என்பது என் துணிபு.

இதற்குக் காரணம் உண்டு. சிறிய பாடசாலையிற் பிள்ளைகள் சிலரே. இடைவெளிவிட்டு அமர இடம் உண்டு. பெரும்பாலோர் நடந்தே வருவர். நெருக்கமான பேரூந்திற் பயணஞ் செய்யவேண்டியதில்லை. அன்றியும், இணையவழிக் கல்வி எட்டாத வீடுகளின் பிள்ளைகள் பயிலுமிடமும் பெரும்பாலும் அதுவே. நோயச்சம் குறைந்ததும், இழப்பு மிகுந்ததுமான இடத்தில் முதலிற் கதவைத் திறப்பதே அறிவுடைமையாகும்.

உயர்தர மாணவரின் எதிர்காலத்தை எவ்வாறு தள்ளிவைக்கலாம் எனச் சிலர் மறுப்பர். அவர்தம் கவலையை யான் இகழேன். ஆனால், பரீட்சைகள் உண்மையில் தள்ளிவைக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டுக்குரிய புலமைப்பரிசிற் பரீட்சை 2022 சனவரியிலும், உயர்தரப் பரீட்சை 2022 பெப்புருவரியிலும் நடைபெற்றன. பரீட்சைத் திகதியை மாற்றலாம். பிள்ளையின் ஆறாவது வயதை மாற்றியமைக்க இயலாது. 2020இல் முதலாந் தரத்திற் சேர்ந்த பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்கவேண்டிய இரண்டாண்டுகளின் பெரும்பகுதியை வீட்டிலேயே கழித்தது. பதினெட்டு வயதினன் தனித்திருந்து படிக்க வல்லன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அருகிலிருந்து கைபிடித்து எழுதுவிக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

இதனை எமது கல்லூரியின் விழா மலரில் எழுதுவது ஏன் என வினவலாம். ஆறாந் தரத்தில் எம் வாயிலினுள் நுழையும் மாணவர் பலர் அயற்கிராமச் சிறு பாடசாலைகளிலிருந்து வருபவர். அங்கே அத்திவாரம் தளர்ந்தால், இங்கே எழுப்பும் மாடிகளாற் பயன் என்ன? பழைய மாணவராகிய நாம் கொரோனாக் காலத்தில் எம் கல்லூரி மாணவருக்கு உதவினோம், அது போற்றற்குரியது. அடுத்த ஊர்ப் பாடசாலையின் பிள்ளையை எத்தனைபேர் நினைத்தோம்? இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இத்தகைய காலம் மீண்டும் வாராது எனக் கருதுதல் பேதைமை. 2022இல் எரிபொருட் தட்டுப்பாட்டினாலும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆகவே, பழைய மாணவர் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். அயலிலுள்ள சிறிய ஆரம்பப் பாடசாலைகளை இன்றே அறிந்துவைப்போம். கதவுகள் அடைபடும் நாளில் அச்சிட்ட பயிற்சித் தாள்கள் வீடுவீடாய்ச் செல்ல ஒழுங்குசெய்வோம். சுகாதார அதிகாரிகள் இசையும்போது, ஐந்தாறு பிள்ளைகளை ஒரு திண்ணையிற் கூட்டி வாசிப்பிக்க ஊருக்கொரு பழைய மாணவர் முன்வரட்டும். பெரும்பொருள் இதற்கு வேண்டியதில்லை. பிடியரிசி திரட்டிச் சைவப் பாடசாலைகளைப் பேணிய முன்னோரின் வழிவந்தோர் நாம்.

விழாக் காலத்தில் எமது கல்லூரியின் பெரிய வாயில் அலங்கரிக்கப்பட்டிருக்கும். அதனைக் கடந்து செல்லும்போது, அயலூரின் சிறிய படலையையும் நினைவிற் கொள்வோமாக.