தனக்கென ஒரு படத்தொகை

கற்கத்தக்கன இவை, கேட்கத்தக்கன இவை என வரையறுத்துக் கொள்வது நம் முன்னோர்க்கு இயல்பு. காணத்தக்கன இவை என வரையறுத்துக் கொள்ளுங் கடமை நம் காலத்தினர்க்கு வந்துளது. பாரிஸ் நகரத்தில் லூமியேர் உடன்பிறந்தார் 1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் கட்டணம் பெற்றுத் தம் அசையும் படங்களைப் பொதுமக்கட்குக் காட்டினர். அடுத்த ஆண்டு ஜூலை 7-ஆம் நாளே அக்காட்சி பம்பாய் வாட்ஸன் ஹோட்டலை வந்தடைந்தது. அன்று தொட்டு இன்றுகாறும் உலகிற் பிறந்த படங்கள் அனைத்தையும் ஒருவன் காணப் புகுவானாயின், அவன் வாழ்நாள் அவற்றின் ஒரு மூலைக்கும் போதாது. ஆகவே தெரிந்தெடுத்தல் இன்றியமையாதது. தெரிந்தெடுப்போர் யாவர் என்பதே ஈண்டு வினா.

முன்னாளிற் கொட்டகைக்காரர் தெரிந்தனர். பின்னர்த் தொலைக்காட்சியார் தெரிந்தனர். இந்நாளிற் கைப்பேசியுள் அமைந்த கணக்குப்பொறி தெரிகின்றது. நேற்று நாம் கண்டதை நினைவில் வைத்து, இன்று நாம் காணவேண்டியதை அது முன்வந்து நீட்டுகின்றது. கொலைக்கதை ஒன்று கண்டவன்முன் ஒன்பது கொலைக்கதைகள் வரிசையாக வந்து நிற்கும். அதன் நோக்கம் நம் அறிவு வளர்தலன்று. நாம் எழுந்து போகாதிருத்தலே. விடுதி மாணவர் பலர் இரவுப் பாடம் முடிந்தபின் எதனைக் காண்பது என்று தேடுவதிலேயே அரைமணி கழித்து, கண்ட படத்தையும் பாதியில் விட்டு உறங்குதலை நாம் அறிவோம். இதனைப் பொழுதுபோக்கு என்றல் பொருந்துமோ? பொழுது போயிற்று என்பது மட்டுமே உண்மை.

இதற்கு மருந்தாக யான் கூறத் துணிவது எளியதொன்று. மாணவர் ஒவ்வொருவரும் தாம் காணவேண்டிய படங்களுக்குத் தம் கையாலேயே ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுதல் வேண்டும் என்பதே அது.

படங் காண்டலே தகாது, அதற்குப் பட்டியலும் வேண்டுமோ என்பார் உளர். அவ்வாறு விலக்கிய இல்லங்கள் நம்மிடையே பல. அவற்றுள் ஒன்றில் வளர்ந்தவன் யான். என் பாட்டனார் சினிமாக் கொட்டகையுட் கால் வைத்தவரல்லர். அவர் கொள்கையை யான் இகழ்வேனல்லேன். கண்ணுக்கு ஒரு காவல் வேண்டும் என்பதே அக்கொள்கையின் உயிர். அவர் காலத்திற் கொட்டகை ஊர்ப்புறத்தே நின்றது. அங்குப் போகாதிருத்தலே காவலாக அமைந்தது. இன்றோ கொட்டகை சட்டைப்பையுள் இருக்கின்றது. வாயிலை அடைத்தல் இயலாதவிடத்து, வருவாரைத் தெரிந்து உள்ளே விடுதலன்றி வேறு காவல் யாது? நன்கு நோக்குமிடத்து, என் பட்டியல் என் பாட்டனாரின் விலக்கிற்குப் பகையன்று, அதன் வழித்தோன்றலேயாம்.

அறிஞர் வகுத்த பட்டியல்கள் இருக்க நமக்கென ஒன்று எதற்கு என்பார் வேறு சிலர். இங்கிலாந்தில் வெளிவரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்னும் இதழ் 1952 முதற் பத்தாண்டுக்கு ஒருமுறை திறனாய்வாளரை வினவி, உலகின் சிறந்த படங்களை நிரல்படுத்தி வருகின்றது. முதன்முறை தலைமை பெற்றது இத்தாலியப் படமாகிய ‘சைக்கிள் திருடர்கள்’. அப்பொழுது அதற்கு வயது நான்கே. 1962 முதல் 2002 வரை ஐந்துமுறை ‘சிட்டிஸன் கேன்’ முதலிடத்தில் வீற்றிருந்தது. 2012-இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதனை இறக்கியது. 2022-இல் ஷந்தால் அகெர்மன் என்னும் பெண்மணி இயக்கிய ‘ழான் தீல்மன்’ முன்வந்தது. இவ்வாறு மாறியதனால் முன்னோர் அறிவிலர் என்றாதல், பின்னோர் அறிவிலர் என்றாதல் கூறலாகாது. காலம் மாறக் கேள்வி மாறிற்று; கேள்வி மாற விடையும் மாறிற்று. பிறர் பட்டியல் பிறர் கேள்விக்கு விடை. அதனை வணங்கிக் கற்கலாம்; நம்மதென்று பெயர்த்தெழுதிக் கொள்ளலாகாது.

அங்ஙனமாயின் நம் பட்டியலை எவ்வாறு அமைப்பது? தமிழ் பயிலும் நமக்கு இதன்கண் ஆசிரியரைத் தேடிப் புறத்தே செல்லவேண்டுவதில்லை. எட்டுத்தொகையைத் தொகுத்த சான்றோரே போதும். பெரும்பான்மையும் நான்கடி முதல் எட்டடி வரையுள்ள அகப்பாக்களைக் குறுந்தொகையிலும், ஒன்பது முதற் பன்னிரண்டு வரையுள்ளவற்றை நற்றிணையிலும், பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரையுள்ளவற்றை அகநானூற்றிலும் அவர்கள் சேர்த்தனர். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடலெல்லாம் பாலை. இரண்டும் எட்டுமாக முடிவன குறிஞ்சி. நான்காக முடிவன முல்லை. ஆறாக முடிவன மருதம். பத்துப்பத்தாக வருவன நெய்தல். எண்ணைக் கேட்டவளவில் திணை விளங்கும். விதி முன்னே, தொகை பின்னே என்பது இதனால் நாம் கொள்ளும் பாடம். விதியின்றிப் பெயர்களை அடுக்குதல் குவியலாகுமேயன்றித் தொகையாகாது.

யான் கொண்ட விதிகள் நான்கு. முதலாவது, எண்ணிக்கைக்கு எல்லை: ஓராண்டிற்கு எட்டுப் படங்கள், அவ்வளவே. நூறு எழுதுபவன் பத்தும் காணமாட்டான். இரண்டாவது, ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே காணவேண்டிய காரணத்தை ஒரு வரியில் எழுதுதல். காரணம் எழுத வாராத பெயரை அடித்துவிடுதல். மூன்றாவது, தானே நம்மைத் தேடி வரும் படங்களுக்கு அதில் இடமின்மை. நண்பர் இழுத்துச் செல்லும் புதுப்படத்திற்குப் பட்டியல் வேண்டா. நான்காவது, கண்டபின் அவ்வரியின் கீழேயே கண்டது யாது என்று மற்றொரு வரி எழுதுதல். இரு வரியும் மாறுபடுமிடத்திலேதான் கல்வி இருக்கின்றது.

இவ்விதிப்படி இவ்வாண்டிற்கு யான் எடுத்த பொருள் ‘ஏட்டிலிருந்து திரைக்கு’ என்பது. கல்கியின் கதையை கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ (1939) முதலாவது. ஆனந்த விகடனில் அக்கதை வெளிவந்தபொழுதே படத்தின் காட்சிகள் அதனுடன் அச்சாயின. ஆங்கில அரசு அப்படத்திற்குத் தடை விதித்தது. ‘கண்ணகி’ (1942), ‘பூம்புகார்’ (1964) இரண்டையும் அடுத்தடுத்து வைத்துள்ளேன். இளங்கோவடிகளின் காப்பியம் ஒன்றே. இடையே நாடு விடுதலை பெற்றது, மேடைத்தமிழ் புதுநடை பெற்றது. அவ்விரண்டும் கண்ணகியின் வாய்ச்சொல்லை எவ்வாறு மாற்றின என்பதே என் கேள்வி. நாமக்கல் கவிஞர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ (1954) நான்காவது; உப்புச் சத்தியாக்கிரகத்திற்குப் பாட்டெழுதிய கை, கள்ளனைத் தலைவனாக்கிக் கதை எழுதியது எங்ஙனம் என்று அறிய விரும்புகின்றேன். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) ஐந்தாவது. ஏட்டில் எழுத்தாய் நின்ற நாகசுரம், சேதுராமன் பொன்னுசாமி உடன்பிறந்தாரின் வாசிப்பாற் செவிக்கு வந்த இடம் அது. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1977) ஆறாவது. நூலாசிரியரே திரைக்கதையும் எழுதினமையால், எழுத்தாளர் தம் நூலில் எதனை விட்டார் என்று காணலாம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிற் கிளைத்த மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) ஏழாவது. மூலத்தை விட்டு மிக விலகியும் மூலத்திற்கு இழிவு செய்யாமை இயலுமோ என்பது வினா. பூமணியின் ‘வெக்கை’ (1982) என்னும் நாவலை வெற்றிமாறன் ‘அசுரன்’ (2019) ஆக்கியது எட்டாவது. நாவல் சிறுவனின் கண்வழி நடப்பது, படம் தந்தையின் பழங்கதையைப் பெரிதாக்குவது.

எட்டிற்கும் நூலை முன்னர்ப் படித்துப் படத்தைப் பின்னர்க் காண்டல் என்பது துணை விதி. ஆதலால் என் பட்டியல் பாதி நூற்பட்டியலுமாயிற்று. நூலகத்தாரும் இதற்கு நன்றி கூறுவர் என நம்புகின்றேன்.

நிற்க. பட்டியலின் அடியிலே ஒரு கோடிட்டு, காணவியலாத சிலவற்றையும் எழுதி வைத்துள்ளேன். தென்னாட்டில் முதன்முதற் கதைப்படம் எடுத்த நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இன்றில்லை. தமிழ் பேசிய முதற்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) இன்றில்லை. அதே ஆண்டில் இந்தி பேசிய ‘ஆலம் ஆரா’வும் இன்றில்லை. குண்டலகேசியையும் வளையாபதியையும் உதிர்ந்த பாடல்களாக மட்டுமே பெற்றுள்ள நமக்கு இவ்விழப்பு விளங்காததன்று. மயிலை சீனி. வேங்கடசாமியார் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என ஒரு நூலே தொகுத்தளித்தார். இல்லாதவற்றுக்கும் பட்டியல் வேண்டும். இருப்பவற்றின் அருமை அதனாற் புலனாகும். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனாவிற் பிறந்தது 1964-இல். அதற்குள் மறைந்தவை பல. கேட்பாரற்ற ஏடு செல்லுக்கு இரையானவாறே, கேட்பாரற்ற படச்சுருளும் அழிந்தது. ஒருவன் ஒரு பழம்படத்தின் பெயரை எழுதி வைத்துத் தேடுவானாயின், அதற்கு ஒரு கேட்பாளன் உளன் என்பது பொருள்.

பட்டியலிட்டுக் காண்பதில் இன்பம் கெடும் என்று நண்பர் சிலர் நகைப்பர். விருந்துக்கு இலையில் இத்துணை வகை என்று முன்னரே தீர்மானிப்பதனாற் பசி கெடுவதில்லை. மேலும் எட்டுப் படங்கள் ஓராண்டின் எத்தனை மாலைகளைக் கொள்ளும்? எஞ்சிய மாலைகள் அவர்க்கும் எனக்கும் உரியனவே.

இறுதியாக நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பருவத்திற்கு ஒரு படமேனும், நூலொன்றிற் பிறந்ததாகத் தெரிந்து, சங்கத்தின் சார்பிற் காட்டி, மறுநாளே அதனைப் பற்றிச் சொற்போர் நிகழ்த்துவார்களாக. ஆசிரியப் பெருமக்கள் தலைமை தாங்குவார்களாக. பழைய மாணவர்கள் தம் காலத்திற் கண்ட படங்களுள் எமக்கென ஒன்றைச் சொல்லி அனுப்புவார்களாயின், என் பட்டியலில் வரும் ஆண்டிற்குரிய எட்டு இடங்களும் இன்னும் வெற்றிடமாகவே உள்ளன.