பிக்காசோவின் பரீட்சைத்தாள்

பார்சிலோனா நகரின் பழைய பகுதியிலே, மொன்காடா வீதியில், மத்தியகாலச் செல்வர் வாழ்ந்த கல்மாளிகைகள் ஐந்து ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இன்று பிக்காசோ நூதனசாலையாக விளங்குகின்றன. 1963 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது திறக்கப்பட்டபோது அவற்றுள் ஒரு மாளிகையே பயன்பட்டது. நிறுவனத்தின் பெயரிலே பிக்காசோ இடம்பெறவுமில்லை. 'குவேர்னிக்கா'வை வரைந்தவரும், 1944 இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தவருமான ஒருவரின் பெயரைப் பிராங்கோவின் ஆட்சிக்காலத்தில் பகிரங்கமாகத் தாங்குவது எளிதன்று. ஆகவே, தம்மிடமிருந்த படைப்புகளை நன்கொடையாக அளித்த நண்பரும் செயலாளருமாகிய சபார்த்தேஸின் பெயரால், 'சபார்த்தேஸ் தொகுதி' என்றே அது வழங்கிற்று. 1934 இன் பின்னர் தாயகத்தில் அடிவைத்திராத பிக்காசோ, 1973 இல் இறக்கும்வரை அந்நூதனசாலையை நேரிற் கண்டாரல்லர்.

இத்தகைய வரலாறுடைய ஓரிடத்திலிருந்து பார்வையாளர் பலர் எடுத்துச் செல்லும் பாடமோ வரலாற்றோடு எவ்விதத் தொடர்புமற்றது. தொடக்க அறைகளிலே 'விஞ்ஞானமும் தருமமும்' என்ற ஓவியம் வைக்கப்பட்டுள்ளது. 1897 இல், பதினைந்து வயதில், பிக்காசோ வரைந்தது. இரண்டு மீற்றர் உயரமும் இரண்டரை மீற்றர் அகலமுங் கொண்ட அப்பெரும்படத்திலே நோயுற்ற பெண்ணொருத்தி கட்டிலிற் கிடக்கிறாள். ஒருபுறம் வைத்தியர் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பிடிக்கிறார். மறுபுறம் கன்னியாஸ்திரி ஒருவர் நோயாளியின் குழந்தையை ஏந்தியவாறு கோப்பையை நீட்டுகிறார். துணியின் மடிப்பு, சுவரின் வெறுமை, கையின் சோர்வு யாவும் ஒழுங்காக அமைந்துள்ளன. "அடடா, இவருக்குச் சரியாக வரையவும் தெரிந்திருக்கிறதே!" என்ற நிம்மதி இதன்முன் பிறக்கின்றது. மூக்கு ஒருபுறமும் கண் மறுபுறமுமாக வரைந்தவர் ஏமாற்றுக்காரரல்லர் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டதல்லவா?

நவீன ஓவியத்தின் பகைவர் இவ்வாறு எண்ணுவதிற் புதுமையில்லை. அதன் நண்பர்களும், ஏன், அதனைக் கற்பிப்போருங்கூட, இதனையே தம் முதன்மையான வாதமாகக் கொள்வதுதான் கண்டிக்கத்தக்கது. "மரபில் முற்றாகத் தேர்ந்தவர், ஆகையால் மரபை மீறும் உரிமை பெற்றவர்" என்பது அவ்வாதம். கேட்போரை உடனே மௌனமாக்குவது அதன் வசதி. ஆனால், நவீன ஓவியத்தைக் காப்பதுபோலத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் அதனை எதிரியின் நீதிமன்றத்திலே ஒப்படைத்துவிடுகின்றது. தத்ரூபமாக வரைவதே ஓவியத்தின் தகுதிப் பரீட்சை, மற்றவையெல்லாம் அதிற் சித்தியடைந்தோருக்கு வழங்கப்படும் சலுகை என்பதை அது முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றது.

முதலில், நூதனசாலையின் அறைகள் அந்த வாதத்தை மெய்ப்பிக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அங்குள்ள 4000க்கும் மேற்பட்ட படைப்புகளுட் பெரும்பகுதி இளமைக்காலத்தவை. 1970 இல் பிக்காசோ வழங்கிய பெரும் நன்கொடை, பார்சிலோனாவில் அவரது குடும்பத்தார் பேணிவைத்திருந்த சிறுவயதுச் சித்திரங்களும் பயிற்சிக் குறிப்பேடுகளுமே. நீலக்காலத்துப் படைப்புகள் சில உள. 1917 ஆம் ஆண்டின் 'ஹார்லிக்குவின்' உண்டு. அதன்பின் பார்வையாளர் ஏறத்தாழ ஒரே பாய்ச்சலில் 1957 இற்கு வந்துவிடுகிறார். இடைப்பட்ட கியூபிஸப் போராட்டத்தை அங்கு காண்பது அரிது. 'அவின்யோன் நங்கையர்' என்ற 1907 ஆம் ஆண்டின் ஓவியம் பெயர் பெற்றது இந்நகரின் அவின்யோ வீதியால் என்பர். ஓவியமோ நியூயோர்க்கில் உள்ளது. 'குவேர்னிக்கா' 1981 இல் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது மட்ரிட்டுக்குச் சென்றது. முதலில் மரபு, பின்னர் மீறல் என்று அவ்வறைகள் உணர்த்தும் சீரான ஒழுங்கு, எவர் எதனை வீட்டில் வைத்திருந்தார், எதனை எவர் விலைக்கு வாங்கினார் என்னும் தற்செயல்களின் விளைவு. ஒரு குடும்பத்தின் சேமிப்பறையை ஓவியக்கலையின் தருக்கமாக வாசிப்பது வேடிக்கையே.

அடுத்து, அந்தப் பதினைந்து வயதுப் படம் எத்தகையது? பிக்காசோவின் தந்தை ஹோஸே ரூயிஸ் சித்திர ஆசிரியர். 1895 இல் பார்சிலோனாவின் லொட்ஜா கலைக்கல்லூரிக்குப் பணிபுரிய வந்தவர். மைந்தனும் அங்கேயே சேர்க்கப்பட்டான். படத்திலுள்ள வைத்தியருக்கு மாதிரியாக அமர்ந்தவர் தந்தையே. நோயாளியும் வைத்தியரும் தருமமும் அக்காலக் கண்காட்சி நடுவர்களுக்கு உவப்பான விடயங்கள். படம் மட்ரிட்டின் தேசியக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டுப் பாராட்டுக்குறிப்பைப் பெற்றது. மலகாவிலே தங்கப்பதக்கம் பெற்றது. சுருங்கக்கூறின் அது ஒரு பரீட்சைத்தாள். நல்ல புள்ளி பெற்ற பரீட்சைத்தாள். வறியவரின் துயரம் அதிலே ஒரு தலைப்பாக இருக்கிறது, அவ்வளவே. அதே ஆண்டின் பிற்பகுதியில் மட்ரிட் அக்கடமியிற் சேர்ந்த மாணவன் வகுப்புகளை விரைவிலேயே கைவிட்டான். இயற்கையை உள்ளவாறு வரைதல் என்று போற்றப்படுவதுங்கூடச் சாந்துச் சிலைகளைப் பார்த்து ஆண்டுக்கணக்கிற் பிரதிசெய்து பழகிய ஒரு வழக்காறே.

பிக்காசோவைப் பிக்காசோ ஆக்கியோர் யாவரும் இப்பரீட்சையில் தேறியவர்களா? செசானின் படங்களைப் பாரிஸ் சலோன் நடுவர் ஆண்டுதோறும் நிராகரித்தனர். 1907 இல் ரொக்கடேரோ நூதனசாலையிற் பிக்காசோவைத் திகைக்கவைத்த ஆபிரிக்க முகமூடிகளைச் செதுக்கியோர் எந்த ஐரோப்பிய அக்கடமியையும் அறியாதவர்கள். குடியேற்ற ஆட்சியினர் கவர்ந்துசென்ற பொருள்களிலே அவர்களின் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. ஹென்றி ரூஸோ பாரிஸ் நகரின் சுங்கச்சாவடி ஊழியராக இருந்து ஓய்வுபெற்றவர். தாமாகவே வரையக் கற்றவர். அவர் வரைந்த பெண்ணுருவம் ஒன்றைப் பழம்பொருட் கடையில் மலிவாக வாங்கிய பிக்காசோ, 1908 இல் தமது கலைக்கூடத்தில் அம்முதியவருக்கு விருந்தளித்தார்; படத்தையோ இறுதிவரை தம்முடனே வைத்திருந்தார். தகுதிச் சான்றிதழைக் கேட்போர் இவர்களை எந்த வாயிலில் நிறுத்துவர்?

பயிற்சியே வேண்டா என்று கூறுவதாக இதனைத் திரித்தல் ஆகாது. பயிற்சி எங்கே நிகழ்கிறது என்பதே வினா. அதற்கான விடை அதே நூதனசாலையில், பெரும்பாலோர் களைத்தபின் வந்துசேரும் அறைகளில் உள்ளது. வெலாஸ்குவெஸ் 1656 இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' என்ற அரசவை ஓவியத்தை எடுத்துக்கொண்டு, 1957 ஆகஸ்ட் தொடக்கம் டிசம்பர் வரை கான் நகரிலே பிக்காசோ தீட்டிய 58 படங்களும் அங்கு ஒருங்கே உள்ளன; சபார்த்தேஸ் மறைந்த 1968 ஆம் ஆண்டில் அவரது நினைவாக வழங்கப்பட்டவை. முதற்படம் பெரிது, பெரிதும் சாம்பல்நிறமானது. நெடிய மூலம் கிடையாகத் திரும்பியுள்ளது. தூரிகையேந்திய வெலாஸ்குவெஸ் கூரையை முட்ட வளர்ந்திருக்கிறார். அரண்மனையின் பெரிய நாய் இருந்த இடத்தில் பிக்காசோ வீட்டின் குறுங்கால் நாய் படுத்திருக்கிறது. பின்னர் சிறிய இளவரசி மார்கரிட்டா தனியே, மீண்டும் மீண்டும், முக்கோணமாயும் வட்டமாயும், பச்சையாயும் மஞ்சளாயும் வருகிறாள். மூலத்தில் நாயை உதைக்கும் சிறுவனின் நிலை ஒருபடத்திற் பியானோ வாசிப்பவனின் நிலையாகிவிடுகிறது. இடையே சலித்தவர்போல 9 படங்களில் மாடத்துப் புறாக்களை வரைகிறார். இவற்றுட் சில தோல்விகள் என்று கூறத் தயங்கவேண்டியதில்லை. எழுபத்தைந்து வயதில், உலகப் புகழின் உச்சியில், ஒருவர் மாணவர்போல ஒரே கேள்வியை நாற்பது முறைக்குமேல் எழுதிப் பார்க்கிறார். அக்கேள்விக்கு லொட்ஜாவில் விடை கற்பிக்கப்படவில்லை.

இவ்வாதம் தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. யாப்பறிந்தவனே யாப்பை மீறலாம் என்று புதுக்கவிதை பற்றிய சர்ச்சைகளில் எத்தனை முறை கூறப்பட்டுள்ளது! பாரதியின் வசனகவிதைகள் அவரது யாப்பு வன்மைக்கு வழங்கப்பட்ட பரிசில்போலப் பேசப்படுகின்றன. அவை தம்மளவில் யாது செய்கின்றன என்பது பேசப்படுவதில்லை. மட்டக்களப்பு வயல்களிலே கவி பாடிய தமிழ், முஸ்லிம் உழவர்கள் யாப்பருங்கலக்காரிகையைக் கற்றவர்களல்லர். பல்கலைக்கழகத்தார் அக்கவிகளைப் பெருமையோடு தொகுக்கின்றனர். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதுகின்றனர். காரிகைச் சூத்திரத்தை ஒப்புவிக்குமாறு அந்த உழவரிடம் எவரும் கேட்டதில்லை. முதற்கவிதையோடு விரிவுரையாளர் அறைக்கு வரும் மாணவியிடமோ முதலில் ஒரு வெண்பா எழுதிவருமாறு கூறுகின்றனர். கொண்டுவந்த கவிதை வாசிக்கப்படாமலே மேசைமீது கிடக்கிறது.